“புரிஞ்சுதா?” என்று கேட்பதற்கு முன்

1990ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தம் அறிமுக இயற்பியல் வகுப்பில் ஒரு தேர்வு வைத்தார். எதிரே இருந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவம் படிக்கப் போகிற இளநிலை மாணவர்கள். வினாத்தாளில் கணக்கு இல்லை, வாய்பாடு இல்லை. எல்லாமே அன்றாட நிகழ்ச்சிகளைப் பற்றிய எளிய கேள்விகள். அப்போது ஒரு மாணவி எழுந்து கேட்டார்: இந்தக் கேள்விகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதவா, அல்லது நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா?

உலகம் முழுவதும் இயற்பியல் ஆசிரியர்களிடையே இன்றும் பேசப்படும் கேள்வி இது. பாடம் ஒரு பக்கம், தன் மனத்தில் இருக்கும் உலகம் இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே அந்த மாணவி ஒரு பருவத்தின் பெரும்பகுதியைக் கடந்து வந்திருந்தார். மசூர் 1984 முதல் அங்கே பாடம் நடத்திவந்தவர். மாணவர்கள் அவருக்கு நல்ல மதிப்பீடு தந்தார்கள். கடினமான கணக்குகளையும் தேர்வில் போட்டார்கள். தாம் நல்ல ஆசிரியர் என்று அவர் நம்புவதற்குக் காரணங்கள் இருந்தன. அந்தத் தேர்வின் முடிவு அவருடைய நம்பிக்கையை அசைத்தது.

தேர்வின் மூலம் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. இப்ராகிம் ஹல்லூன், டேவிட் ஹெஸ்டெனஸ் ஆகிய இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளில், கல்லூரி மாணவர்கள் இயக்கவியல் பாடத்தை முடித்த பிறகும் விசை பற்றிய தங்கள் பழைய எண்ணங்களை அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று காட்டியிருந்தார்கள். அதன் வளர்ச்சியாக 1992இல் வந்த ‘விசைக் கருத்து வினாத்தொகுப்பு’ இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. அதில் வரும் கேள்விகளில் ஒன்று இப்படிப் போகும்: ஒரு பெரிய சரக்கு லாரியும் ஒரு சிறிய காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. லாரி காரின் மீது செலுத்தும் விசை அதிகமா, கார் லாரியின் மீது செலுத்தும் விசை அதிகமா, இரண்டும் சமமா?

நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்திலும் சொல்லக்கூடிய மாணவர்கள், லாரியின் விசைதான் அதிகம் என்று விடை தருகிறார்கள். கார் நசுங்குகிறதே, லாரிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது அவர்கள் வாதம். இரண்டு விசைகளும் சமம்தான். நிறை குறைவான கார் அதே விசையால் அதிக முடுக்கம் பெறுகிறது. அதனால் சேதமும் அதற்கே அதிகம். விசையையும் விசையின் விளைவையும் பிரித்துப் பார்க்கும் இந்த ஓர் அடியைத்தான் அவர்கள் எடுத்து வைக்கவில்லை.

இதைப் படித்த வாரம் என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பந்தை மேலே எறிந்து பிடித்தேன். “கையை விட்டு மேலே போய்க்கொண்டிருக்கும்போது பந்தின் மீது என்னென்ன விசை இருக்கிறது?” என்று கேட்டேன். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் பெண் எழுந்து, “கை கொடுத்த விசை மேல்நோக்கி இருக்கும் டீச்சர், அது கொஞ்சம் கொஞ்சமா குறையும், புவியீர்ப்பு ஜெயிச்சதும் பந்து கீழே வரும்” என்றாள். முந்தைய வாரம்தான் நியூட்டனின் முதல் விதியை ஒரு சொல் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். கையை விட்டபின் பந்தின் மீது புவியீர்ப்பு விசை மட்டுமே இருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் வேறெதுவும் இல்லை. அவள் சொன்ன விடை முட்டாள்தனமானதும் அல்ல. 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ழான் பூரிடான் என்ற அறிஞர் ஏறத்தாழ இதே கருத்தைத்தான் கொண்டிருந்தார். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குள் சில நூற்றாண்டு அறிவியல் வரலாறு உட்கார்ந்திருக்கிறது. கரும்பலகையில் விதியை எழுதிப் போடுவதால் மட்டும் அது எழுந்து போய்விடாது.

மசூர் அடுத்து செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே தேர்வில் இரண்டு மின்சுற்றுக் கேள்விகளைக் கொடுத்தார். முதலாவதில் மின்கலத்தோடு ஒரே மாதிரியான மூன்று பல்புகள் தொடரிணைப்பில் இருக்கும். மூன்றாவது பல்பின் இரு முனைகளையும் ஒரு சாவி நேரடியாக இணைக்கும். சாவியை மூடினால் எந்தப் பல்பு எப்படி மாறும்? இரண்டாவது, பல மின்தடைகளும் மின்கலங்களும் கொண்ட சுற்று. கிர்க்காஃப் விதிகளைப் போட்டுச் சமன்பாடுகளைத் தீர்த்து மின்னோட்டம் காண வேண்டும். எந்த இயற்பியல் ஆசிரியரைக் கேட்டாலும் முதலாவதுதான் எளிது என்பார். மாணவர்களோ இரண்டாவதில் நல்ல மதிப்பெண் எடுத்து, முதலாவதில் தடுமாறினார்கள். சாவியை மூடினால் மின்னோட்டம் மூன்றாவது பல்பைத் தவிர்த்துச் சாவி வழியே போய்விடும், அந்தப் பல்பு அணையும், சுற்றின் மொத்தத் தடை குறைந்ததால் மற்ற இரண்டும் முன்பைவிடப் பிரகாசமாக எரியும் என்பதைச் சமன்பாடு தீர்த்தவர்களில் கணிசமானோரால் சொல்ல முடியவில்லை. கணக்குப் போடும் வழிமுறையை மனப்பாடம் செய்திருந்தார்கள். மின்னோட்டம் என்ன செய்கிறது என்பது தெரியாது.

பக்கத்தில் இருப்பவரைக் கேள்

தேர்வுத்தாளில் இருந்த கேள்வி ஒன்றை மசூர் வகுப்பில் ஒருமுறை விளக்கினார். புரியவில்லை. வேறு விதமாக விளக்கினார். இன்னும் குழப்பம். கடைசியில், நீங்களே பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். வகுப்பு இரைச்சலானது. சில நிமிடங்களில் அவர்கள் விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதிலிருந்து பிறந்ததுதான் 1991 முதல் அவர் கடைப்பிடித்து, 1997இல் நூலாகவும் வெளியிட்ட சக மாணவர் கற்பித்தல் முறை. மாணவர்கள் பாடத்தை முன்கூட்டியே வாசித்துவிட்டு வருவார்கள். ஆசிரியர் பத்து நிமிடத்துக்கு மிகாமல் ஒரு கருத்தை விளக்குவார். பிறகு நான்கு விடைகளோடு ஒரு கேள்வி. ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் தாமாக யோசித்து ஒரு விடையைத் தெரிவிக்க வேண்டும். ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்தினர் சரியாகச் சொல்லியிருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதிடச் சொல்வார். மறுபடி விடை கேட்பார். அதன் பிறகுதான் ஆசிரியரின் விளக்கம். 70 சதவீதத்துக்கு மேல் சரியென்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். 30க்குக் கீழே என்றால் பேச விடுவதில் பயனில்லை. குருடரைக் குருடர் நடத்துவதாகிவிடும். திரும்ப நடத்த வேண்டும்.

ஒரு நிமிட மௌனத்தை நம்மில் பலர் விட்டுவிடுவோம். நானும் முதலில் விட்டேன். எடுத்த எடுப்பில் குழுவாகப் பேசவிட்டால் வாய்த்துடுக்கான நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தான் ஒரு விடைக்குப் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகுதான் அது சரியா தவறா என்ற அக்கறை ஒரு குழந்தைக்கு வரும்.

ஆசிரியர் சொல்லிப் புரியாதது பக்கத்து மாணவர் சொல்லிப் புரிவது எப்படி? இங்கேதான் இயற்பியல் வகுப்பிலிருந்து உளவியல் வகுப்புக்குப் போக வேண்டியிருக்கிறது. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பவர் தம் முனைவர் பட்டத்துக்காக ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாடலை மனத்தில் நினைத்து, அதன் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும். கேட்பவர் பாடலைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவருக்கு மனத்துக்குள் பாடல் முழுவதும் ஒலிக்கிறது. கேட்கிறவருக்கு வெறும் டக் டக்.

பதினைந்து ஆண்டுகளாக ஒரே பாடத்தை நடத்தும் நாம் தட்டுகிறவர்கள். எந்த இடத்தில் குழந்தைக்குத் தடுக்கும் என்பது நமக்கு மறந்தே போயிருக்கும். இரண்டு நிமிடம் முன்பு அதே இடத்தில் தடுக்கி எழுந்த பக்கத்து மாணவிக்கு அது நினைவிருக்கிறது. ஆசிரியர் நோய் என்றே இதைச் சொல்லலாம்; நல்ல ஆசிரியர்களுக்குச் சற்று அதிகமாகவே வரும்.

இந்த முறை உண்மையில் பலன் தருகிறதா? ரிச்சர்டு ஹேக் என்ற பேராசிரியர் 62 இயக்கவியல் பாட வகுப்புகளில் படித்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களைத் திரட்டி 1998இல் வெளியிட்டார். பாடத்துக்கு முன்பு தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கைப் பாடம் முடிந்தபின் கற்றிருக்கிறார்கள் என்பது அவருடைய அளவுகோல். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் அது சராசரியாக 0.23. மாணவர்கள் பேசியும் செய்தும் கற்ற வகுப்புகளில் 0.48. ஏறத்தாழ இரண்டு மடங்கு.

2011இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் பரபரப்பானது. அதில் பங்கேற்றவர்களில் ஒருவர் 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன். ஒரே பாடத்தைப் படிக்கும் இரண்டு பெரிய பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 260 பேருக்கு மேல். ஒரு வாரம், மூன்று மணி நேரம், மின்காந்த அலைகள் பற்றிய பாடம். ஒரு பிரிவுக்கு மாணவர்களிடம் நற்பெயர் பெற்ற அனுபவமிக்க பேராசிரியர் விரிவுரை நடத்தினார். இன்னொரு பிரிவுக்கு அவ்வளவு அனுபவமில்லாத இளம் ஆய்வாளர்கள், கேள்வி, கலந்துரையாடல், உடனடித் திருத்தம் என்று நடத்தினார்கள். பிறகு வைத்த தேர்வில் முதல் பிரிவின் சராசரி 41 சதவீதம். இரண்டாவதன் சராசரி 74. ஒரு வாரச் சோதனைதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் 33 சதவீதப் புள்ளி வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் போகவும் முடியாது.

தினம் ஒரு சிறு தேர்வு

இனி அறிமுக உளவியல் பாடம். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாமுவேல் காஸ்லிங் ஆகிய இரு பேராசிரியர்கள் சேர்ந்து அந்தப் பாடத்தை நடத்தினார்கள். 2011இல் அவர்கள் வகுப்பில் 901 மாணவர்கள். அதுவரை பருவத்துக்குச் சில பெரிய தேர்வுகள் என்றிருந்ததை அந்த ஆண்டு எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் மடிக்கணினியில் 8 கேள்விகள் கொண்ட ஒரு சிறு தேர்வு. 7 கேள்விகள் எல்லோருக்கும் பொது. எட்டாவது கேள்வி ஆளுக்கு ஆள் மாறும்: அந்த மாணவர் முன்பு எதைத் தவறாகச் செய்தாரோ அதிலிருந்து வரும். விடை சரியா தவறா என்பது உடனுக்குடன் தெரிந்துவிடும்.

முந்தைய முறையில் அதே ஆசிரியர்களிடம் படித்த 2008ஆம் ஆண்டு மாணவர்களோடு ஒப்பிட்டபோது, பொதுவான கேள்விகளில் புதிய வகுப்பு மேலே இருந்தது. அவர்கள் அந்தப் பருவத்தில் எடுத்த மற்றப் பாடங்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. நம்மைப் போன்ற அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டிய முடிவு இன்னொன்று உண்டு. வசதியான குடும்பத்து மாணவர்களுக்கும் வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கும் இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஏன் என்று யோசித்துப் பார்க்கலாம். எப்படிப் படிப்பது என்பதை வீட்டில் ஒருவர் சொல்லித்தந்து வளர்ந்த பிள்ளை, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தன்னைத்தானே கேட்டுப் பார்க்கும். அப்படிச் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளை, தேர்வுக்கு முதல் நாள் இரவு நோட்டை நான்கு முறை வாசிக்கும். அதற்கும் உழைப்பு குறைவில்லை, வழிதான் தெரியாது. தினசரித் தேர்வு அந்த வழியை எல்லோருக்கும் பொதுவாக்கிவிடுகிறது.

நான்கு முறை வாசிப்பதற்கும் நினைவுகூர்வதற்கும் உள்ள வித்தியாசத்தை 2006இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி இருவரும் அளந்தார்கள். இளநிலை மாணவர்களுக்கு ஒரு சிறு உரைநடைப் பகுதி. ஒரு குழு அதை நான்கு அமர்வுகளிலும் வாசித்தது. இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்றிலும் பகுதியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 83 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வாசித்தவர்களிடம் மிஞ்சியது 40. எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

ஐந்து நிமிடக் கணக்கில் பார்த்தால் வாசிப்பே வெல்கிறது. அதனால்தான் மாணவரும் ஏமாறுகிறார், வகுப்பு முடிவில் இரண்டு கேள்வி கேட்டுத் திருப்தியாக வெளியேறும் நாமும் ஏமாறுகிறோம். எபிங்ஹாஸின் மறத்தல் வளைகோட்டை பி.எட். உளவியல் தாளில் படம் வரைந்து பாகம் குறித்தவர்கள்தாம் நாம் எல்லோரும். எழுதிய மறுவாரமே அதை மறந்தும்விட்டோம்.

ஸ்லிப் டெஸ்ட் நமக்குப் புதிதா என்று கேட்கலாம். புதிதல்ல. ஆனால் நாம் அதை மதிப்பெண் பதிவேட்டை நிரப்பவே பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். தாளைத் திருத்தித் தர மூன்று நாள் ஆகிறது. அதற்குள் கேள்வியே குழந்தைக்கு மறந்துவிடும். ஆஸ்டினில் பயன் தந்தது கேள்வி சிறியது, விடை உடனே தெரிகிறது, தவறியது திரும்ப வருகிறது என்ற மூன்றும் சேர்ந்துதான். பதிவேட்டில் ஏற்றாத, திருத்தும் சுமையில்லாத ஐந்து கேள்விகள் போதும். அவற்றில் இரண்டு போன வாரத்துப் பாடத்திலிருந்து.

மாணவர்கள் ஏன் முணுமுணுக்கிறார்கள்

இவ்வளவு பலன் இருந்தும் இந்த முறைகள் ஏன் எல்லா வகுப்புக்கும் வந்துவிடவில்லை? ஹார்வர்டிலேயே 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. என்னை மிகவும் சங்கடப்படுத்திய ஆய்வும் இதுதான்.

லூயி டெலோரியேயும் அவருடைய சகாக்களும் அறிமுக இயற்பியல் மாணவர்களை இரண்டு குழுவாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு தலைப்புக்கு ஒரு குழு தேர்ந்த விரிவுரையைக் கேட்டது. மற்றக் குழு அதே குறிப்புகளை வைத்து, அதே கணக்குகளை முதலில் தாங்களே சிறு குழுவாக முயன்று, பிறகு ஆசிரியர் தீர்வைச் சொல்லக் கேட்டது. அடுத்த தலைப்புக்குக் குழுக்கள் இடம் மாறின. தேர்வில், தாங்களே முயன்ற குழு இரண்டு முறையும் அதிக மதிப்பெண் பெற்றது. ஆனால் எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள் என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்களே அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். ஆசிரியரையும் அவர்களே அதிகம் பாராட்டினார்கள்.

தெளிவான, தங்குதடையில்லாத விளக்கத்தைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டது போல் இருக்கிறது. தானே முயலும்போது தடுமாற்றம், தவறு, வியர்வை. அந்தச் சிரமத்தையே கற்கவில்லை என்பதன் அடையாளமாக மாணவர் எடுத்துக்கொள்கிறார். புதிதாகக் கற்பவருக்குத் தன் புரிதலை எடைபோடும் தராசும் இன்னும் கையில் இல்லை.

“டீச்சர், நீங்க நடத்தினா அப்படியே புரியுது” என்ற பாராட்டை நான் பல ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருக்கிறேன். அதில் எவ்வளவு கற்றல், எவ்வளவு கற்ற உணர்வு என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு விளக்குவதையே விட்டுவிட வேண்டும் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. மேலே சொன்ன எந்த வகுப்பிலும் ஆசிரியர் விளக்காமல் இல்லை. விளக்கம் எப்போது வருகிறது என்பதுதான் மாறியிருக்கிறது: மாணவர் ஒருமுறை முட்டி மோதிய பிறகு. இன்னொன்று, டெலோரியேயின் குழு பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் இதைப் பற்றிச் சிறிது நேரம் பேசிப் பார்த்தது. சிரமமாக உணர்வது இயல்பு, சிரமம் என்றால் கற்கவில்லை என்று பொருளல்ல என்று சான்றோடு சொன்னபோது, மாணவர்களின் எதிர்ப்பு குறைந்தது.

கருவிக்கு என்ன செய்வது என்ற கவலை வேண்டாம். விடை அளிக்கும் மின்னணுக் கருவிக்குப் பதில் வெறும் அட்டைகளைப் பயன்படுத்தியபோதும் மாணவர்களின் கற்றலில் வித்தியாசம் இல்லை என்று மாண்ட்ரியலின் ஜான் அபட் கல்லூரியில் நத்தானியேல் லாஸ்ரி 2008இல் காட்டியிருக்கிறார். என் வகுப்பில் அட்டையும் இல்லை. நெஞ்சோடு ஒட்டிக் கையை வைத்து, ஒன்று முதல் நான்கு விரல்களைக் காட்டச் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நாற்பது பேர் விரல்களை எண்ண அரை நிமிடம்.

கேள்வி அமைப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. தவறான விடைகள் ஏதோ எண்களாக இருக்கக் கூடாது. குழந்தை உண்மையிலேயே செய்யும் தவறாக இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்ற விடை கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கும் குழந்தை அதைத்தான் எழுதும். 79 என்பது கூட்டிய குழந்தையின் விடை. ஆறாம் வகுப்பில் 0.35, 0.5 இரண்டில் எது பெரிது என்று கேளுங்கள். 35 பெரிய எண்தானே என்று வாதிட ஆள் இருக்கும். பக்கத்துப் பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்கிறது என்று வரிசைகளுக்கிடையே நடந்து காதில் வாங்கிக்கொள்ளுங்கள். நாம் அடுத்து என்ன நடத்த வேண்டும் என்பது அந்த இரைச்சலில் இருக்கிறது. இரைச்சலைக் கேட்டு எட்டிப்பார்க்கும் தலைமையாசிரியரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் நல்லது.

ஒரு பாடவேளையில் இப்படி இரண்டு கேள்விக்கு மேல் எனக்கு முடிவதில்லை. பாடத்திட்டம் முடிய வேண்டுமே என்ற பதற்றம் இருக்கத்தான் செய்கிறது. சில நாட்களில் பழையபடி விளக்கிவிட்டே வெளியே வருகிறேன்.

பந்தைப் பற்றிப் பேசிய அந்த முதல் மாணவி, அடுத்த பெஞ்சுப் பெண்ணோடு மூன்று நிமிடம் சண்டை போட்டாள். “கை இப்போ பந்தைத் தொடவே இல்லையே, தொடாம எப்படித் தள்ளும்?” என்று அந்தப் பெண் கேட்டது என் காதில் விழுந்தது. இரண்டாம் முறை விரல் காட்டும்போது அவள் விடையை மாற்றிக்கொண்டாள். அடுத்த வாரத்துக்கு ஒரு கேள்வி எழுதிவைத்திருக்கிறேன்: அதே பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் சுழியா, மேல்நோக்கியா, கீழ்நோக்கி 9.8 மீட்டர்/விநாடி² ஆகவா? முதலில் எங்கள் ஆசிரியர் அறையில் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.